21 வருஷம் காத்திருந்த ஒரு மடக்கு: ஐரிஷ் விஸ்கியின் கதை

(எபிசோடின் ஒலிவடிவத்தைத் தொகுத்து, கொஞ்சம் சுருக்கி எழுதியது.)

இன்னிக்குக் கதை டப்ளின் நகரத்தில், ஒரு ஜூன் மாத ராத்திரியில் ஆரம்பிக்குது.

1875, ஜூன் 18. டப்ளினில் லிபர்ட்டீஸ்னு ஒரு பழைய பகுதி. நெருக்கி அடிச்ச வீடுகள், தோல் பதனிடும் பட்டறைகள், அதுக்கு நடுவுல பெரிய பெரிய விஸ்கி டிஸ்டில்லரிகள். அங்கே ஆர்டீ தெருவில் மலோன் என்பவருக்கு ஒரு கிடங்கு இருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் விஸ்கி. அன்னிக்கு ராத்திரி அந்தக் கிடங்கு தீப்பிடித்தது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாக வெடிக்க, எரியும் விஸ்கி தெருவில் ஆறு மாதிரி ஓடியது. தண்ணி அடிச்சா நெருப்பு இன்னும் பரவும். அதனால் தீயணைப்புப் படைத் தலைவர் ஜேம்ஸ் இங்ரம், வண்டி வண்டியாகக் குதிரைச் சாணத்தைக் கொண்டுவந்து தெருவில் கொட்டி, அந்த விஸ்கி ஆற்றுக்கு அணை கட்டினார்.

ஆனா மக்கள் வீட்டை விட்டு ஓடினதோட நிற்கலை. தெருவில் ஓடின விஸ்கியைத் தொப்பியிலும் பூட்ஸிலும் கையில் கிடைச்ச பாத்திரத்திலும் மொண்டு குடிச்சாங்க. மறுநாள் கணக்குப் பார்த்தா 13 பேர் இறந்திருந்தாங்க. ஒருத்தர்கூடத் தீயில் சாகலை, புகையில் சாகலை. அத்தனை பேரும் குடிச்ச சாராய விஷத்தில் இறந்தவங்க.

இதைச் சொல்லி ஏன் ஆரம்பிக்கிறேன்னா, அன்னிக்குத் தெருவில் ஓடினதும், இன்னிக்கு யாரோ ஒருத்தர் மெல்லிய கிளாஸில் முப்பது மில்லி ஊற்றிப் பத்து நிமிஷம் மோந்து பார்க்கிறதும் அடிப்படையில் ஒரே பொருள்தான். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது மூணு விஷயம்: கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் பொறுமை, நிறைய காலம். இந்த எபிசோட் அந்தக் காலத்தைப் பற்றியது. ஒரு முதிர்ந்த ஐரிஷ் விஸ்கியின் ருசிக்குள்ளே என்ன வரலாறு இருக்கு, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குடிங்கன்னு சொல்ல வரலை. குடிக்காதவங்களுக்கும் இது ஒரு நல்ல கதைதான்.

பாட்டில் மேல இருக்கிற நம்பர்

ஒரு பாட்டிலை எடுத்துக்குவோம். ரெட்பிரெஸ்ட் 21. அயர்லாந்தின் தெற்கே, கார்க் மாவட்டத்தில் மிடில்டன் என்ற ஊரில் தயாராகிறது. அதன் மேல் 21-னு போட்டிருக்கு இல்லையா, அதுக்கு என்ன அர்த்தம்?

பாட்டிலுக்கு 21 வயசுன்னு அர்த்தம் இல்லை. அந்தக் கலவையில் இருக்கிற விஸ்கிகளில் ரொம்ப இளையதுகூட 21 வருஷம் மரப் பீப்பாயில் இருந்திருக்குன்னு அர்த்தம். பாட்டிலுக்குள்ளே போனதும் கடிகாரம் நின்னுடும். தாத்தா 1960-இல் வாங்கி அலமாரியில் வச்ச 12 வருஷ விஸ்கி, இன்னிக்கும் 12 வருஷ விஸ்கிதான். ஒயின் மாதிரி பாட்டிலில் அது வளராது.

சட்டப்படி ஐரிஷ் விஸ்கி என்று சொல்ல, அயர்லாந்துத் தீவுக்குள்ளேயே, 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில், குறைந்தது 3 வருஷம் இருந்திருக்கணும். அப்போ 21 வருஷம்கிறது சட்டம் கேட்கிறதை விட ஏழு மடங்கு. யாருமே கட்டாயப்படுத்தாமல், விற்றால் காசாகும் சரக்கை ஒருத்தர் 18 வருஷம் கூடுதலாக விற்காமல் வச்சிருந்தார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போறோம்.

பீப்பாய்க்குள்ளே என்ன நடக்குது

செம்பு வாலையிலிருந்து வடிந்து வரும் புது சாராயம் தண்ணி மாதிரி நிறமில்லாமல் இருக்கும். தானிய வாசம், கொஞ்சம் பழ வாசம், நிறைய காரம். பீப்பாய்க்குள் போனதும் மூணு வேலை நடக்குது.

முதலாவது, கழிவு. பீப்பாயின் உள்பக்கத்தைத் தீயில் வாட்டிக் கருக்கி இருப்பாங்க. அந்தக் கரி, சாராயத்தில் இருக்கிற கந்தக வாடை மாதிரியான வேண்டாத விஷயங்களை உறிஞ்சிக்கும். ரெண்டாவது, வரவு. ஓக் மரத்தில் இருக்கிற லிக்னின் உடைந்து வெனிலா வாசம் தரும். லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசம் தரும். டானின் துவர்ப்பு தரும். மூணாவது, மாற்றம். மரத்தின் நுண்துளை வழியாகக் காற்று உள்ளே போய், அமிலமும் ஆல்கஹாலும் மெதுவாகச் சேர்ந்து எஸ்டர் ஆகுது. பழ வாசம் எல்லாம் எஸ்டரோட வேலை. முதல் ரெண்டும் சில வருஷத்தில் பெரும்பாலும் முடிஞ்சிடும். இந்த மூணாவது வேலைக்குத்தான் பத்து, இருபது வருஷம் வேணும். அதைக் குறுக்குவழியில் முடிக்க இன்னும் யாராலும் முடியலை.

பீப்பாயும் சும்மா கிடைக்கிற ஏதோ ஒரு பீப்பாய் இல்லை. அமெரிக்காவில் போர்பன் விஸ்கியைப் புது ஓக் பீப்பாயில்தான் வைக்கணும்னு விதி. ஒரு தடவை பயன்படுத்தியதை அவங்க மறுபடி போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. அந்தப் பழைய பீப்பாய்கள் கப்பல் ஏறி அயர்லாந்து வருது. இன்னொரு வகை, ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் ஷெர்ரி என்ற ஒயின் வைத்த பீப்பாய். போர்பன் பீப்பாய் வெனிலாவையும் தேங்காயையும் தரும். ஷெர்ரி பீப்பாய் உலர்திராட்சையையும் அத்திப்பழத்தையும் தரும். ரெட்பிரெஸ்ட்டில் ரெண்டுமே இருக்கு.

இதுக்கு நடுவுல பீப்பாயிலிருந்து விஸ்கி ஆவியாகிக்கிட்டே இருக்கும். இதை அங்கே தேவதைகளின் பங்குன்னு சொல்வாங்க. அயர்லாந்தின் குளிர்ந்த ஈரக் காற்றில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம். கேட்க கம்மியாத் தெரியும். ஆனா 200 லிட்டர் நிரப்பினால் 21 வருஷம் கழிச்சு 130 லிட்டர்தான் மிஞ்சும். மூணில் ஒரு பங்கு காற்றில் போச்சு.

இதையே பெங்களூருவோட ஒப்பிட்டுப் பாருங்க. அங்கே தயாராகும் அம்ருத் சிங்கிள் மால்ட்டில் இந்த இழப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கும் மேல. அந்தக் கணக்கில் 200 லிட்டர் பீப்பாயில் 21 வருஷம் கழிச்சு 20 லிட்டர் சொச்சம் கிடைத்தாலே அதிசயம். நம்ம பக்கத்து வெயிலில் மரம் வேகமாக வேலை செய்யும், தேவதைகளும் வேகமாகக் குடிக்கும். அதனால் நம்பரை மட்டும் வச்சு ஒரு ஊர் விஸ்கியையும் இன்னொரு ஊர் விஸ்கியையும் ஒப்பிட முடியாது. 21-ங்கிற எண் அயர்லாந்தின் குளிரோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண்.

ஒரு வரி தந்த ருசி

விஸ்கிங்கிற வார்த்தையே அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிகளிலிருந்து வந்ததுதான். 'இஷ்கெ பாஹா' என்றால் உயிர் நீர். இந்த உயிர் நீரைப் பற்றி அயர்லாந்தின் பழைய ஆண்டுக் குறிப்புகளில் வருகிற முதல் செய்தி ஒரு சாவுச் செய்தி. 1405-ஆம் ஆண்டில், கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரு குலத்தலைவர் இதை அளவுக்கு மீறிக் குடித்து இறந்துபோனார்னு எழுதி வச்சிருக்காங்க. 1405-க்கும் 1875-க்கும் நடுவுல மனுஷங்க பெரிசா மாறலைன்னு தோணுது.

ஆனா விஸ்கி மாறியது. அதை மாற்றியதில் ஒரு வரிக்குப் பெரிய பங்கு இருக்கு.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், 1785-இல், முளைகட்டிய பார்லிக்கு, அதாவது மால்ட்டுக்கு, வரி போட்டாங்க. டிஸ்டில்லரிக்காரங்க என்ன பண்ணினாங்க? முளைகட்டாத பச்சைப் பார்லிக்கு வரி இல்லையே, அதையும் சேர்த்துக் காய்ச்சுவோம்னு ஆரம்பிச்சாங்க. அப்படிக் கலப்பது முன்னமே கொஞ்சம் இருந்தது. வரி வந்ததும் அதுவே வழக்கமாகிவிட்டது.

வரியைக் குறைக்கச் செய்த வேலை, புதுசா ஒரு ருசியைக் கொண்டுவந்தது. பச்சைப் பார்லி சேர்ந்த சாராயம் வாயில் வழுவழுன்னு, எண்ணெய்ப் பதமாக நிற்கும். கூடவே கிராம்பு, சுக்கு மாதிரி ஒரு மசாலாக் காரம். இந்த வகைக்குப் பாட் ஸ்டில் விஸ்கின்னு பேர். பாட் ஸ்டில் என்றால் பானை வடிவச் செம்பு வாலை. அயர்லாந்தில் பெரும்பாலும் மூணு தடவை வடிப்பாங்க. இன்னிக்குச் சட்டப்படி சிங்கிள் பாட் ஸ்டில்னு பேர் வைக்கணும்னா முளைகட்டிய பார்லி குறைந்தது 30 சதவீதம், முளைகட்டாதது குறைந்தது 30 சதவீதம் இருக்கணும். ரெட்பிரெஸ்ட் இந்த வகை.

19-ஆம் நூற்றாண்டில் உலகம் விரும்பிய விஸ்கி இதுதான். ஸ்காட்ச் அப்போ இதுக்குப் பின்னாடி நின்ன சரக்கு. டப்ளினில் நாலு பெரிய குடும்பங்கள் கோலோச்சின: ஜான் ஜேம்சன், வில்லியம் ஜேம்சன், ஜான் பவர், ஜார்ஜ் ரோ. 1880-களில் ஆல்ஃபிரட் பார்னார்ட் என்ற எழுத்தாளர் நாடு முழுக்கச் சுற்றி டிஸ்டில்லரிகளைப் பார்த்து 1887-இல் புத்தகம் போட்டார். அயர்லாந்தில் மட்டும் 28 இடங்கள் அதில் இருக்கு. மிடில்டனில் இருந்த ஒரே ஒரு வாலையின் கொள்ளளவு 1,40,000 லிட்டருக்கும் மேல. உலகத்திலேயே பெரியது. இன்னிக்கும் அது அங்கே நிக்குது, வேலை செய்யலை அவ்வளவுதான்.

வரி ஆபீசர் கொண்டுவந்த இயந்திரம்

அப்போ என்னதான் ஆச்சு? இங்கேதான் ஈனியஸ் காஃபி வர்றார்.

காஃபி அயர்லாந்தின் கலால் துறையில் பெரிய அதிகாரி. கள்ளச்சாராயம் காய்ச்சறவங்களைப் பிடிக்கப் போய், 1810-இல் டோனகால் பகுதியில் கும்பலிடம் மாட்டிக் குத்துப்பட்டு உயிர் தப்பியவர். வாழ்நாள் முழுக்க வாலைகளைச் சோதனை போட்டவருக்கு, அந்த இயந்திரத்தின் சூட்சுமம் அத்துப்படி. வேலையை விட்ட பிறகு, 1830-இல், ஒரு புது வாலைக்குக் காப்புரிமை வாங்கினார். உயரமான ரெண்டு தூண்கள். பானையை நிரப்பி, காய்ச்சி, காலி பண்ணி, கழுவி, மறுபடி நிரப்பி என்ற வேலையே இல்லை. ஒரு பக்கம் ஊற்றிக்கிட்டே இருந்தால் மறுபக்கம் வந்துகிட்டே இருக்கும். செலவு கம்மி, வீரியம் ஜாஸ்தி. ஆனா தானியத்தின் வாசம் அதில் பெரும்பகுதி போயிடும்.

டப்ளின் பெரிய வீட்டுக்காரங்க இதைத் தொடமாட்டோம்னு சொல்லிட்டாங்க. ருசி இல்லாத இந்தத் திரவத்துக்கு விஸ்கின்னு பேர் சொல்வதே மோசடின்னு, 1870-களின் கடைசியில் நாலு பேரும் சேர்ந்து ஒரு புத்தகமே போட்டாங்க. ஸ்காட்லாந்துக்காரங்க அந்த இயந்திரத்தை ரெண்டு கையாலும் வாங்கிக்கிட்டாங்க. மலிவான தூண் சாராயத்தோட ருசியான மால்ட் விஸ்கியைக் கலந்து, எல்லாருக்கும் பிடிச்ச மாதிரி மெல்லிய ஒரு சரக்கு செய்தாங்க. அதுதான் பிளெண்டட் ஸ்காட்ச். 1908-09-இல் இது பற்றி விசாரிக்க அரசு ஒரு ராயல் கமிஷன் வச்சது. தூண் வாலையில் வந்ததும் விஸ்கிதான்னு தீர்ப்பு வந்தது. டப்ளின் தோற்றது.

ஒரு வேடிக்கை பாருங்க. ஐரிஷ் விஸ்கியின் முகமாக இருக்கிற ஜான் ஜேம்சன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஸ்காட்ச்சைத் தூக்கி நிறுத்திய இயந்திரமோ அயர்லாந்தின் கலால் அதிகாரி கொடுத்தது.

ருசிக்காகப் பிடிவாதம் பிடிச்ச டப்ளின்காரங்களைச் சும்மா முட்டாள்னு சொல்லிடவும் முடியாது. அவங்க விஸ்கியைப் பற்றிச் சொன்னது சரி. சந்தையைப் பற்றி நினைச்சது தப்பு. அந்தப் பிடிவாதத்தால்தான் பாட் ஸ்டில் ருசி இன்னிக்கும் உயிரோட இருக்கு. அதே பிடிவாதத்தால்தான் அது கிட்டத்தட்ட செத்தும் போச்சு.

ஒண்ணு மேல ஒண்ணா விழுந்த அடி

20-ஆம் நூற்றாண்டு வந்தது. 1919 முதல் 1921 வரை விடுதலைப் போர். அயர்லாந்து தனி நாடானதும் பிரிட்டிஷ் பேரரசின் சந்தை கைவிட்டுப் போக ஆரம்பித்தது. 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு. பெரிய வெளிநாட்டுச் சந்தை ஒரே நாளில் மூடியது. போதாக்குறைக்கு அங்கே திருட்டுத்தனமாகக் காய்ச்சிய மட்டமான சரக்கில் ஐரிஷ்னு பேர் ஒட்டி விற்றாங்க, அதில் பேரும் கெட்டது. 1932 முதல் 1938 வரை பிரிட்டனோடு வரிச் சண்டை.

1933-இல் அமெரிக்க மதுவிலக்கு முடிஞ்சப்போ ஒரு கதவு திறந்தது. ஆனா உள்ளே கொண்டுபோக முதிர்ந்த சரக்கு போதுமான அளவு இல்லை. ஏன்னா, அன்னிக்கு விற்க வேண்டியதைப் பல வருஷம் முன்னாடியே வடிச்சு வச்சிருக்கணும். நம்பிக்கை இல்லாத வருஷங்களில் யார் வடிப்பாங்க? விஸ்கி தொழிலின் கொடுமை இதுதான். இன்னிக்குச் செய்த தப்பு பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

ஒவ்வொரு டிஸ்டில்லரியாக மூடின. 1966-இல் மிச்சம் இருந்த ஜேம்சன், பவர், கார்க் கம்பெனி மூணும் ஒண்ணு சேர்ந்து ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் ஆனாங்க. 1970-களின் தொடக்கத்தில் வடக்கே இருந்த புஷ்மில்ஸும் அதில் சேர்ந்தது. 1971-இல் டப்ளின் போ தெருவில் ஜேம்சன் வாலைகள் அணைந்தன. 1975-இல் மிடில்டனில் பழைய ஆலைக்குப் பக்கத்திலேயே புது ஆலை கட்டி எல்லா வேலையையும் அங்கே மாற்றினாங்க. அடுத்த வருஷம் டப்ளின் ஜான்ஸ் லேனில் பவரின் ஆலையும் மூடியது. அந்த வளாகம் இப்போ ஒரு ஓவியக் கல்லூரி. பழைய செம்பு வாலைகள் மூணு அங்கே திறந்த வெளியில் பச்சை பிடிச்சு நிக்குது.

28 இருந்த இடத்தில் ரெண்டு. தெற்கே மிடில்டன், வடக்கே புஷ்மில்ஸ். ரெண்டுக்கும் ஒரே முதலாளி. 1976-க்கும் 1988-க்கும் இடையில் வடித்த ஐரிஷ் விஸ்கியை நீங்க எங்கே பார்த்தாலும் அது இந்த ரெண்டு இடத்தில் ஒன்றில்தான் பிறந்திருக்கும்.

யாருக்காக நிரப்பினாங்க?

இப்போ ரெட்பிரெஸ்ட்டுக்குத் திரும்புவோம். அந்தக் காலத்தில் டிஸ்டில்லரிகள் புது சாராயத்தை வியாபாரிகளுக்கு மொத்தமாக விற்கும். அவங்க தங்கள் சொந்தப் பீப்பாயில் வச்சு முதிரவிட்டு விற்பாங்க. டப்ளினில் மிச்செல் குடும்பம் அப்படித்தான். எந்தப் பீப்பாய் எத்தனை வருஷத்துக்குன்னு அடையாளம் தெரிய அதில் பெயிண்ட் பொட்டு வச்சாங்க: நீலம் 7, பச்சை 10, மஞ்சள் 12, சிவப்பு 15. கிரீன் ஸ்பாட் என்ற பேர் அந்தப் பச்சைப் பொட்டிலிருந்து வந்ததுதான். கில்பி என்ற ஒயின் வியாபாரக் கம்பெனி, ஜேம்சனிடம் வாங்கி முதிரவைத்த 12 வருஷச் சரக்குக்கு 1912-இல் ரெட்பிரெஸ்ட்னு பேர் வச்சது. ராபின் குருவியின் சிவந்த நெஞ்சுதான் அந்தப் பேர்.

போ தெரு ஆலை மூடியதும் புது சாராயம் வரத்து நின்றது. கில்பி கையில் இருந்த பீப்பாய்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, 1985-இல் கடைசிச் சொட்டும் தீர்ந்தது. பாட் ஸ்டில் வகையில் பேர் சொல்ல மிஞ்சியது ஏறக்குறைய மிச்செல் குடும்பத்தின் கிரீன் ஸ்பாட் மட்டும். 1991-இல் ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் ரெட்பிரெஸ்ட்டை மறுபடி கொண்டுவந்தது. 21 வருஷ ரெட்பிரெஸ்ட் 2013-இல் வந்தது.

கணக்கு போட்டுப் பாருங்க. 2013-இல் 21 வயசுன்னா அந்தச் சாராயம் 1992-இலோ அதுக்கு முன்னாடியோ வடித்தது. அதாவது இந்த வகை விஸ்கியைக் கேட்டு வாங்க உலகத்தில் ஆளே இல்லாத காலம். தொழிலே இருக்குமா போகுமான்னு தெரியாத நேரத்தில் யாரோ ஒருத்தர் பீப்பாயை நிரப்பி, மூடி அடிச்சு, வரிசையில் உருட்டி வச்சிருக்கார்.

மிடில்டனில் அந்த 'யாரோ ஒருத்தர்' யாருன்னு தெரியும். பழைய ஆலையில் தலைமை வடிப்பாளராக இருந்தவர் மேக்ஸ் க்ராக்கெட். ஆலை வளாகத்துக்குள்ளேயே இருந்த வீட்டில்தான் அவர் மகன் பேரி பிறந்தார். பேரி க்ராக்கெட் 1981-இல் அப்பாவின் இடத்துக்கு வந்து 2013 வரை இருந்தார். பழைய ஆலை மூடப்போகிற சமயத்தில், 1974-இல், மேக்ஸ் வடித்து வைத்த ஒரு மால்ட் விஸ்கி 2020-இல் பாட்டிலுக்கு வந்தது. 45 வயசு. மொத்தம் 48 பாட்டில். ஒன்றின் விலை 35,000 யூரோ. அதை வடித்த ஆலை நின்று 45 வருஷம் ஆகியிருந்தது.

அந்த விலையைக் கேட்டு எனக்கும் தலை சுத்தும். நானோ நீங்களோ அதை வாங்கப் போறதில்லை. ஆனா விலைக்குப் பின்னாடி இருக்கிற விஷயம் விலை இல்லாமலும் புரியும். மூடப்போகும் ஆலையில், தன் காலத்தில் யாரும் குடிக்கப் போகாத ஒண்ணை ஒழுங்காகச் செய்து வச்சுட்டுப் போன மனுஷர் ஒருத்தர் இருந்தார்.

இப்போ கிளாஸை எடுப்போம்

சரி, முதிர்ந்த ஐரிஷ் விஸ்கி ஒரு முப்பது மில்லி முன்னாடி இருக்குன்னு வச்சுக்குவோம். எப்படி அணுகறது?

முதல்ல கிளாஸ். அடி அகலமா, வாய் குறுகலா, துலிப் பூ மாதிரி இருக்கணும். வாசம் மேலே வந்து குவியும். ஐஸ் வேண்டாம். குளிர்ச்சி வாசத்தை அடைச்சுடும், அப்புறம் 21 வருஷத்துக்குக் காசு கொடுத்ததுக்கு அர்த்தமே இல்லை.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்குது. அடர்ந்த நிறம் முதுமைக்கு அத்தாட்சி இல்லை.

ஊற்றி ஒரு பத்து நிமிஷம் விடுங்க. இருபது வருஷம் காத்திருந்ததுக்குப் பத்து நிமிஷம் ஒண்ணும் பெரிசில்லை. அப்புறம் மூக்கை உள்ளே நுழைக்காமல், விளிம்புக்கு மேலே வச்சு, வாயைக் கொஞ்சம் திறந்துகிட்டு மோந்து பாருங்க. காரம் மூக்கில் ஏறாது. முதலில் வருவது பெரும்பாலும் மரம்: வெனிலா, தேங்காய். கொஞ்சம் பொறுத்தால் ஷெர்ரிப் பீப்பாய்: உலர்திராட்சை, அத்தி, கிறிஸ்துமஸ் கேக். அதுக்கும் பின்னாடி, ரொம்ப வருஷம் இருந்த விஸ்கியில் மட்டும், நல்லாப் பழுத்த மாம்பழம், அன்னாசி மாதிரி ஒரு வாசம் வரும். அயர்லாந்தில் மாம்பழம் ஏது? எஸ்டர்கள் வருஷக்கணக்கில் செய்த வேலை அது. 'தோல், புகையிலை, செடார்' என்று புத்தகத்தில் இருக்கிற வார்த்தைகளைத் தேட வேண்டாம். பழைய தேக்கு பீரோவைத் திறந்தாப்ல இருக்குன்னு தோணினால் அதுவே சரியான குறிப்பு.

முதல் மடக்கு ரொம்பச் சின்னது, நாக்கைப் பழக்க. ரெண்டாவது மடக்கை வாயில் சில வினாடி வச்சுப் பாருங்க. அந்த எண்ணெய்ப் பதம் தெரியுதா? அது 1785 வரியின் மிச்சம். பின்னாலேயே வரும் கிராம்பும் சுக்கும் பச்சைப் பார்லி தந்தது. காஃபியின் தூண் வாலைக்கு டப்ளின்காரங்க இணங்கியிருந்தால் இந்த ருசி நமக்கு வந்திருக்காது.

அடுத்தது தண்ணி. சில சொட்டு, அறை வெப்பத்தில். 2017-இல் ஸ்வீடனில் ரெண்டு வேதியியலாளர்கள் கம்ப்யூட்டர் மாதிரிகளை வச்சு ஆராய்ந்து காட்டினாங்க: தண்ணி சேர்த்து வீரியம் குறையும்போது குவாயகால் மாதிரியான வாசனை மூலக்கூறுகள் திரவத்தின் மேல்பரப்புக்கு வருது. அதாவது மூக்குக்குப் பக்கத்தில். தண்ணி சேர்க்கறது கௌரவக் குறைச்சல்னு யாராவது சொன்னால் சிரிச்சுட்டு விட்டுடுங்க. 1875 ராத்திரியில் அந்தப் பதிமூணு பேருக்கும் இல்லாமல் போனது இதுதான். பீப்பாய் வீரியத்தில், அளவே தெரியாமல் குடிச்சாங்க.

கடைசியில் விழுங்கின பிறகு என்ன மிஞ்சுதுன்னு கவனிங்க. இளம் விஸ்கி சீக்கிரம் போயிடும். முதிர்ந்தது நிமிஷக்கணக்கில் நிக்கும். அப்போ ஒரு துவர்ப்பு வரும், கொட்டைப்பாக்கு மாதிரி. அது அளவோட இருந்தால் அழகு. மரம் ஜெயிச்சு, ஸ்ட்ராங்கா இறங்கின டிகாஷன் மாதிரி கசப்பு மட்டும் இருந்தால், அந்த விஸ்கி பீப்பாயில் கொஞ்சம் அதிக நாள் தங்கிடுச்சுன்னு அர்த்தம். வயசு கூடினால் ருசி கூடும்னு எந்த விதியும் இல்லை. முப்பது வருஷம் வச்சுக் கெட்டுப்போன பீப்பாய்களும் உண்டு. அயர்லாந்தின் ஈரக் காற்றில் வருஷம் போகப்போக வீரியமும் இறங்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் சட்டப்படி அதை விஸ்கின்னே விற்க முடியாது. இந்த ஆபத்தை எல்லாம் தாண்டி வந்ததுதான் உங்க கிளாஸில் இருக்கு.

மறுபடி அதே தெரு

கதையின் மிச்சம் சீக்கிரம் சொல்லிடறேன். 1987-இல் ஜான் டீலிங் என்ற தொழிலதிபர், லௌத் மாவட்டத்தில் உருளைக்கிழங்கிலிருந்து ஆல்கஹால் எடுக்கக் கட்டிய பழைய அரசு ஆலையை வாங்கிக் கூலி டிஸ்டில்லரியாக மாற்றினார். 1988-இல் ஐரிஷ் டிஸ்டில்லர்ஸை பிரான்ஸின் பெர்னோ ரிக்கார் வாங்கி, ஜேம்சனை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2022-இல் ஜேம்சன் ஒரே வருஷத்தில் 1 கோடிப் பெட்டி விற்பனையைத் தாண்டியது. ரெண்டாக இருந்த டிஸ்டில்லரிகள் 40-ஐத் தாண்டின.

2015-இல் ஜான் டீலிங்கின் மகன்கள் ஜாக், ஸ்டீஃபன் ரெண்டு பேரும் டப்ளினில் ஒரு புது டிஸ்டில்லரி திறந்தாங்க. எங்கே தெரியுமா? லிபர்ட்டீஸில், நியூமார்க்கெட் சதுக்கத்தில். 1875-இல் தீப்பிடித்த ஆர்டீ தெரு அதுக்குப் பக்கத்திலேயே இருக்கு. சுமார் நாற்பது வருஷம் விஸ்கி வடிக்காமல் இருந்த நகரத்தில் மறுபடி வாலை கொதித்தது.

எல்லாம் சுபம்னு முடிக்க முடியாது. வளர்ச்சி இப்போ தளர்ந்திருக்கு. 2024 நவம்பரில் வாட்டர்ஃபோர்ட் டிஸ்டில்லரி கடனில் சிக்கி ரிசீவர் கைக்குப் போனது. இன்னும் சில புது ஆலைகள் உற்பத்தியை நிறுத்தியோ குறைத்தோ இருக்காங்க. 1930-களில் கேட்ட அதே கேள்வி திரும்ப வந்திருக்கு: இன்னும் இருபது வருஷத்தில் யார் குடிப்பாங்கன்னு தெரியாமல், இன்னிக்குப் பீப்பாயை நிரப்பலாமா?

நியூமார்க்கெட்டில் 2015-இல் நிரப்பின பீப்பாய்களில் எதையாவது விற்காமல் வச்சிருந்தால், அதுக்கு 21 வயசு ஆகிறது 2036-இல். அதைத் திறக்கிறப்போ, இன்னிக்கு இதைக் கேட்கிற உங்களில் நிறைய பேருக்கு நாற்பதை நெருங்கியிருக்கும். குடிச்சாலும் குடிக்காட்டியும், ஒரு பாட்டிலில் அந்த நம்பரைப் பார்த்தால் கழித்துப் பாருங்க. அந்த வருஷம் அயர்லாந்தில் எத்தனை வாலை எரிஞ்சுக்கிட்டிருந்ததுன்னு யோசிங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.